தோற்றாலும் நம் அணிதான்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



கோடைக்காலம். பள்ளிகளுக்கு விடுமுறை. பிள்ளைகள் காலையிலேயே மட்டையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விடுகிறார்கள். பெரியவர்களோ, "இப்படி ஆட்டம் ஆட்டம் என்று பொழுதை வீணாக்குகிறதே" என்று அலுத்துக்கொள்கிறோம். விளையாட்டுக்கும் ஆன்மிகத்துக்கும் என்ன தொடர்பு என்று பலர் நினைப்பதுண்டு. இன்று நம் சிந்தனைக்கு ஒரு விளையாட்டுத் தொப்பியை எடுத்துக்கொள்வோம்.

2025 ஜூன் 11, புதன்கிழமை. வத்திக்கான் புனித பேதுரு வளாகத்தில் பொது மறைக்கல்வி உரைக்குப்பின், வழக்கம்போலத் திருத்தந்தை புதுமணத் தம்பதியரைச் சந்தித்து ஆசி வழங்கிக்கொண்டிருந்தார். அந்த வேளையில் திருத்தந்தை பதினான்காம் லியோ, கறுப்பு நிற விளையாட்டுத் தொப்பி ஒன்றைத் தலையில் அணிந்துகொண்டு புன்னகைத்தார். அந்தப் படம் உலகமெங்கும் பரவியது. அது 'சிகாகோ ஒயிட் சாக்ஸ்' என்ற பேஸ்பால் அணியின் தொப்பி.

படத்தைப் பார்த்தவர்கள் பலரும், "நம் திருத்தந்தை எவ்வளவு எளிமையானவர்!" என்றார்கள். அமெரிக்காவில் இருந்தவர்கள் கூடுதலாக ஒன்றைச் சொல்லிச் சிரித்தார்கள். அந்த அணி அதற்கு முந்தைய ஆண்டு, 2024இல், விளையாடிய 162 ஆட்டங்களில் 121இல் தோற்றிருந்தது. 1900க்குப்பின் அமெரிக்காவின் முதல்தரப் போட்டிகளில் ஒரே பருவத்தில் இத்தனை ஆட்டங்களில் தோற்ற அணி வேறு இல்லை. அந்தக் கோடையில் தொடர்ச்சியாக 21 ஆட்டங்களில் தோல்வி. 2025இலும் 102 தோல்விகள். அப்படிப்பட்ட அணியின் தொப்பியைத்தான் திருச்சபையின் தலைவர் மகிழ்ச்சியோடு அணிந்துகொண்டார்.

ஏன்? அது அவருடைய ஊர் அணி. அவ்வளவுதான்.

அன்பானவர்களே, சிகாகோ மாநகரில் இரண்டு அணிகள் உண்டு. வடபகுதிக்கு 'கப்ஸ்'. தென்பகுதிக்கு 'ஒயிட் சாக்ஸ்'. தென்பகுதி, ஒரு காலத்தில் இறைச்சிக் கூடங்களிலும் எஃகு ஆலைகளிலும் உழைத்த மக்கள் வாழ்ந்த பகுதி. அயர்லாந்து, போலந்து, லித்துவேனியா என்று பல நாடுகளிலிருந்து வந்து குடியேறிய கத்தோலிக்கர்கள் அங்கே தெருவுக்குத் தெரு ஆலயம் கட்டினார்கள். "எந்த ஊர்?" என்று கேட்டால், தங்கள் பங்கின் பெயரைப் பதிலாகச் சொல்லும் வழக்கம் அங்கே இருந்தது. நம்மிலும் பலர் அப்படித்தான், இல்லையா? ஊரைக் கேட்டால் முதலில் பங்கின் பெயர்தான் நாவில் வரும்.

அந்தத் தென்பகுதியையொட்டிய டால்டன் என்ற சிற்றூரில் வளர்ந்தவர்தான் ராபர்ட் பிரிவோஸ்ட். அவர் புனித அகுஸ்தீன் துறவு சபையில் சேர்ந்தார். பெரு நாட்டுக்கு மறைப்பணியாளராகப் போனார். சபையின் உலகத் தலைவரானார். பெருவின் சிக்லாயோ மறைமாவட்டத்துக்கு ஆயரானார். 2025 மே 8 அன்று திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அன்று வடபகுதி அணியினர் முந்திக்கொண்டு, "இவர் எங்கள் ரசிகர்" என்று தங்கள் விளையாட்டரங்கின் முகப்புப் பலகையிலேயே எழுதிவிட்டார்கள். திருத்தந்தையின் உடன்பிறந்த சகோதரர்தான் செய்தியாளர்களிடம் அதைத் திருத்தினார்: அவர் எப்போதுமே ஒயிட் சாக்ஸ்தான்! அதற்குச் சான்றும் கிடைத்தது. 2005ஆம் ஆண்டு இறுதிப்போட்டியின் முதல் ஆட்டத்தைக் காட்டிய பழைய தொலைக்காட்சிப் பதிவில், கூட்டத்தோடு கூட்டமாக அவரும் உட்கார்ந்திருக்கிறார். அப்போது அவர் தம் சபையின் உலகத் தலைவர்.

அவர் பிள்ளைப்பருவத்தில் திருப்பலி கண்ட விண்ணேற்பு அன்னை ஆலயம் இன்று என்ன நிலையில் இருக்கிறது தெரியுமா? 2025இல் செய்தியாளர்கள் தேடிப்போனபோது, வழிபாடு நின்றுபோய் வெறிச்சோடிய கட்டடமாக அது நின்றது. மக்கள் இடம்பெயர்ந்துவிட்டார்கள். பங்குகள் இணைக்கப்பட்டுவிட்டன. ஊர் மாறிவிட்டது. நாடும் கண்டமும் பொறுப்பும் மாறிய பிறகும் பிள்ளைப்பருவப் பற்று ஒன்று மட்டும் மாறாமல் இருந்திருக்கிறது. இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. சின்ன விஷயத்தில் நம்பத்தக்கவரைப் பற்றி ஆண்டவர் நற்செய்தியில் பேசுகிறார் அல்லவா?

இந்தப் பேஸ்பால் விளையாட்டைப் பற்றி ஓரிரு வார்த்தை சொல்ல வேண்டும். கிரிக்கெட் தெரிந்த நமக்குப் புரிந்துகொள்வது எளிது. ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர். ஒன்பது சுற்றுகள். இத்தனை மணிக்கு ஆட்டம் முடிந்தாக வேண்டும் என்ற கணக்கு இல்லை. இரு அணிகளும் சமநிலையில் இருந்தால் சுற்றுகள் நீண்டுகொண்டே போகும். பந்தை அடித்தவர் மூன்று முனைகளைத் தொட்டு ஓடி, தாம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால்தான் ஓர் ஓட்டம். அந்த இடத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஹோம்', அதாவது வீடு. வீட்டிலிருந்து புறப்பட்டு, சுற்றி, வீடு வந்து சேர வேண்டும். அடிக்க வரும் பத்து முறையில் மூன்று முறை பந்தைச் சரியாக அடித்துவிட்டால் அவர் மிகச் சிறந்த ஆட்டக்காரர். ஏழு முறை தோற்பவரைத்தான் அங்கே தலைசிறந்தவர் என்கிறார்கள்!

மார்ச் இறுதியில் தொடங்கி செப்டம்பர் இறுதிவரை, ஏறக்குறைய ஆறு மாதங்கள், நாள்தோறும் என்று சொல்லுமளவுக்கு ஆட்டம் நடக்கும். கோடை முழுவதும் அதுதான் அங்குள்ள எளிய மக்களின் பொழுதுபோக்கு. மாலையில் வேலை முடிந்து வந்தவர் வாசலில் நாற்காலியைப் போட்டு வானொலியைத் திருப்பி வைப்பார். தாத்தா சொல்லிக்கொடுத்ததை அப்பாவும், அப்பா சொல்லிக்கொடுத்ததைப் பிள்ளையும் கேட்டு வளர்வார்கள்.

இதிலிருந்து மூன்று சிந்தனைகளை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலாவது, ஓய்வு என்பது கடவுளின் கொடை.

பணிக்கு அனுப்பப்பட்ட திருத்தூதர்கள் களைத்துத் திரும்பியபோது, உண்பதற்குக்கூட நேரமில்லாத அவர்களைத் தனிமையான இடத்துக்கு வந்து சற்று இளைப்பாறும்படி இயேசு அழைத்ததை மாற்கு நற்செய்தி ஆறாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். "இன்னும் இரண்டு ஊருக்குப் போய்வாருங்கள்" என்று அவர் சொல்லவில்லை. உலகை மீட்க வந்தவருக்கே, சீடர்கள் சாப்பிட்டார்களா, தூங்கினார்களா என்ற அக்கறை இருந்தது. திருத்தந்தை லியோவும் 2025 ஜூலையில் காஸ்தல் கந்தோல்ஃபோ சென்று தங்கினார். திருத்தந்தையர் பல நூற்றாண்டுகளாகக் கோடை ஓய்வுக்குச் சென்றுவந்த இடம் அது. இடையில் நின்றுபோயிருந்த அந்த வழக்கம் மீண்டும் தொடங்கியிருக்கிறது.

விடுதலைப் பயண நூல் இருபத்துமூன்றாம் அதிகாரம் ஓய்வுநாளுக்குச் சொல்லும் காரணத்தைக் கவனியுங்கள். காளையும் கழுதையும் இளைப்பாற வேண்டும். வீட்டு அடிமையின் பிள்ளையும் அந்நியரும் மூச்சுவிட வேண்டும். முதலாளி ஓய்வெடுப்பதற்காக மட்டும் அந்தக் கட்டளை வரவில்லை. தாமாக ஓய்வு எடுக்க உரிமை இல்லாதவர்களுக்காகவும் கடவுள் அந்த நாளைக் கேட்டு வாங்குகிறார்.

விடுமுறைக்கு எல்லாரும் ஊருக்குப் போகிறோம். பேரப்பிள்ளைகள் வருகிறார்கள், வீடு நிறைகிறது, மகிழ்ச்சிதான். ஆனால் அடுப்படியில் காலை ஐந்து மணிக்கு நிற்கத் தொடங்கும் அம்மாவுக்கு விடுமுறை உண்டா? நம் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் சகோதரிக்கு ஞாயிறு உண்டா? நம் கடையில் நிற்கும் பையனுக்கு? நாம் ஓய்வெடுப்பதற்காக இன்னொருவரின் முதுகு கூடுதலாக வளைகிறது என்றால், அது விவிலியம் சொல்லும் ஓய்வு அல்ல. இந்தக் கோடையில் ஒரு நாளாவது அம்மாவை உட்கார வைத்து, மற்றவர்கள் சமைத்துப் பரிமாறுங்கள். உப்பு கூடிப்போனாலும் பரவாயில்லை.

இரண்டாவது, பிரமாணிக்கம் வெற்றிக்குக் கொடுக்கும் கூலி அல்ல.

'பிரமாணிக்கம்' என்ற சொல்லை நாம் எங்கே கேட்கிறோம்? திருமண வாக்குறுதியில். அந்தத் தொப்பியைத் திருத்தந்தை புதுமணத் தம்பதியர் முன்னிலையில் அணிந்தது எனக்குப் பொருத்தமாகவே தோன்றுகிறது. மணமேடையில் நிற்கும்போது எல்லா அணியும் வெற்றி அணிதான். புதுப்பட்டு, மாலை, வாழ்த்து. ஆனால் வாழ்க்கை என்பது நீண்ட பருவம். வேலை போகும் ஆண்டு வரும். மருத்துவமனையில் கழியும் ஆண்டு வரும். பேச்சே இல்லாமல் போகும் மாதங்கள் வரும். 121 தோல்விகள் கொண்ட ஆண்டும் ஒன்று வரலாம். அப்போது வந்து உட்கார்ந்திருப்பவர் யார் என்பதுதான் கேள்வி.

நோயாளர்களுக்கு நற்கருணை கொண்டுபோகும் குருக்கள் எல்லாரும் ஒரு காட்சியைப் பார்த்திருப்போம். படுத்த படுக்கையாக இருக்கும் மனைவிக்குக் கணவர் கஞ்சி ஊட்டிக்கொண்டிருப்பார். அந்த அம்மாவுக்கு அவரை அடையாளமே தெரியாது. "உங்களை யார் என்றே தெரியவில்லையே" என்று அக்கம்பக்கத்தார் சொன்னால், "எனக்கு அவளைத் தெரியுமே" என்பார். அதில் வெற்றிக் கோப்பை கிடையாது. கைதட்டலும் கிடையாது. விண்ணகம் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஏன் இப்படி இருக்க வேண்டும்? நம் கடவுள் அப்படி இருக்கிறார் என்பதே காரணம். தம்மைவிட்டு ஓடிய மனைவியைத் திரும்ப அழைத்துவரும் கணவனாக இறைவாக்கினர் ஓசேயா அவரைக் காட்டுகிறார். எருசலேமின் சாம்பலில் உட்கார்ந்து எழுதிய புலம்பல் ஆசிரியர், ஆண்டவரின் இரக்கம் காலைதோறும் புதிதாகிறது என்று கண்டுகொள்கிறார். நேற்றைய தோல்விக் கணக்கை நீட்டிக்கொண்டு அவர் காலையில் வருவதில்லை. நாம் நம்பத்தகாதவர்களாய்ப் போனாலும் அவர் நம்பத்தக்கவராய் இருக்கிறார் என்று பவுல் தம் அன்புப் பிள்ளை திமொத்தேயுவுக்கு நினைவூட்டுகிறார். அணியை நேசிக்கும் ரசிகன்கூட ஒருநாள் சலித்துப்போகலாம். கடவுள் சலிப்பதில்லை.

ஆலயத் திருவிழாவுக்கு வருகிறோம், தேர்ப்பவனிக்கு வருகிறோம், மற்ற ஞாயிறுகளில் இருக்கைகள் காத்துக்கிடக்கின்றன. பங்குத்தந்தை மாறினால் பங்கையே மாற்றிக்கொள்வோரும் உண்டு. பாடகர் குழுவில் தனக்கு முதல் இடம் இல்லையென்றால் பீடத்துப் பக்கமே வராதவர்களும் உண்டு. யோவான் நற்செய்தி ஆறாம் அதிகாரத்தில், இயேசுவின் போதனை கடினமாக இருக்கிறது என்று பலர் விலகிப்போனார்கள். பேதுருவுக்கும் எல்லாம் விளங்கியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் போவதற்கு வேறு யாரும் இல்லை என்று அவர் நின்றுவிட்டார். எல்லாம் விளங்கிய பிறகு நிற்பது அறிவு. விளங்காதபோதும் நிற்பது பிரமாணிக்கம்.

மூன்றாவது, பிரமாணிக்கம் உண்மையை மூடி மறைப்பதில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும்.

திருத்தந்தையின் அந்த அன்புக்குரிய அணிக்கு ஒரு கறை உண்டு. 1917இல் கோப்பை வென்ற அதே அணி, 1919இல் மீண்டும் இறுதிப்போட்டிக்கு வந்தது. சின்சினாட்டி அணியிடம் தோற்றது. பின்னர் தெரியவந்தது: சூதாட்டக்காரர்களோடு சேர்ந்து வேண்டுமென்றே தோற்றுக்கொடுக்க ஆட்டக்காரர்கள் சிலர் உடன்பட்டிருந்தார்கள். 1921இல் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. ஆனாலும் விளையாட்டின் ஆணையரான நீதிபதி லாண்டிஸ், எட்டுப் பேருக்கும் வாழ்நாள் தடை விதித்தார்.

அந்த எட்டுப் பேரில் பக் வீவர் என்பவரின் கதை மனத்தை உறுத்துவது. அவர் பணம் வாங்கினார் என்பதற்குச் சான்று இல்லை. இறுதிப்போட்டியில் நன்றாகவே விளையாடினார். ஆனால் சதி பேசப்பட்ட இடத்தில் அவர் இருந்தார். அவருக்குத் தெரியும். தெரிந்தும் யாரிடமும் சொல்லவில்லை. அதற்காகவே தடை. தடையை நீக்கும்படி மீண்டும் மீண்டும் விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. 1956இல் சிகாகோவிலேயே இறந்தார். 2025 மே மாதத்தில்தான், இறந்துபோனவர்கள்மீது இருந்த அத்தகைய தடைகள் நீக்கப்பட்டன. அவர் இறந்து 69 ஆண்டுகள் கழித்து!

நண்பர்களைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அவர் நினைத்திருக்கலாம். அதுவும் ஒருவகைப் பற்றுதான். ஆனால் சிலரைக் காப்பாற்றிய அந்த மௌனம், வாசலில் செய்தித்தாளுக்காகக் காத்திருந்த, காசைச் சேர்த்துவைத்து ஆட்டம் பார்க்க வந்த எத்தனையோ எளிய மக்களின் நம்பிக்கையை விற்றுவிட்டது.

சகோதர சகோதரிகளே, குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத் தீங்கு நடக்கிறது. "குடும்ப மானம் போய்விடும், வெளியே சொல்லாதே" என்கிறோம். அது பிரமாணிக்கம் அல்ல. குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவனிடம் அடி வாங்கிக்கொண்டு வாய்மூடி இரு என்று திருச்சபை எந்தப் பெண்ணுக்கும் சொல்லவில்லை. அப்படி யாராவது திருச்சபையின் பெயரால் சொல்லியிருந்தால், அது தவறு. சங்கத்தின் பணத்தில் கணக்கு இடிக்கிறது. "நம்ம ஆள்தானே" என்று விட்டுவிடுகிறோம். அதுவும் பிரமாணிக்கம் அல்ல. திருச்சபைக்குள்ளும், குருக்களிடையேயும், மௌனத்தால் விளைந்த காயங்கள் உண்டு. அவற்றைச் சொன்னவர்களைத் திருச்சபையின் பகைவர்கள் என்று எண்ணாதீர்கள். வீட்டில் தீப்பிடித்தால் கூச்சல் போடுபவர் அந்த வீட்டை நேசிப்பவர்தான். தாவீது அரசரைக் கண்டித்த நாத்தான், அரசருக்குத் துரோகம் செய்யவில்லை. அரசரிடம் உண்மையாக இருந்தார்.

இத்தனைக்கும் பிறகு அந்தத் தென்பகுதி மக்கள் என்ன செய்தார்கள்? அணியை விட்டுவிடவில்லை. 1959இல் இறுதிப்போட்டிவரை வந்து தோற்றார்கள். மீண்டும் காத்திருந்தார்கள். 2005இல், 88 ஆண்டுகளுக்குப்பின், கோப்பை வந்தது. வடபகுதிக்காரர்கள் இன்னும் நீண்டநாள் காத்திருந்தார்கள்: 1908க்குப்பின் 2016இல்தான், 108 ஆண்டுகள் கழித்து. அந்த வெற்றிக்குப்பின் ஒரு காரியம் நடந்தது. மக்கள் சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டு விளையாட்டரங்கின் செங்கல் சுவருக்கு வந்தார்கள். ஆட்டக்காரர்களின் பெயர்களை மட்டும் எழுதவில்லை. இந்த நாளைக் காணாமலே இறந்துபோன தங்கள் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா ஆகியோரின் பெயர்களையும் எழுதினார்கள். கைக்கு எட்டிய உயரம்வரை சுவரெல்லாம் பெயர்கள். எட்டாத இடத்துக்கு ஏணி போட்டும் எழுதினார்கள்.

எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் பதினோராம் அதிகாரத்தை வாசிக்கும்போது எனக்கு அந்தச் சுவர் நினைவுக்கு வருகிறது. ஆபேல், நோவா, ஆபிரகாம், சாரா என்று பெயர் பெயராக அந்த ஆசிரியர் எழுதிக்கொண்டே போகிறார். வாக்களிக்கப்பட்டதைக் கையில் பெறாமலே, தொலைவிலிருந்து கண்டு, நம்பிக்கையோடு இறந்தவர்கள் அவர்கள். நம்மை விட்டுவிட்டு அவர்கள் மட்டும் நிறைவடைய வேண்டாம் என்று கடவுள் திட்டமிட்டார் என்கிறார். நமக்கு விசுவாசத்தைக் கொடுத்த பாட்டியை நினைத்துப்பாருங்கள். மழையிலும் செபமாலையோடு நடந்து ஆலயத்துக்குப் போனவர். அவர் வேண்டிக்கொண்ட பல காரியங்கள் அவர் கண்முன் நடக்கவில்லை. குடிப்பழக்கத்திலிருந்து மகன் மீளவில்லை. பிரிந்த சகோதரர்கள் சேரவில்லை. ஆனால் அந்தச் செபம் வீணாகவில்லை. நாம் இன்று பீடத்தின் முன் நிற்பதே அதன் பலனாக இருக்கலாம். சுண்ணக்கட்டி எழுத்து ஒரு மழையில் அழிந்துவிடும். திருப்பலியில் நாம் நினைவுகூரும் பெயர்களோ கடவுளின் நினைவில் நிலைத்திருக்கின்றன. கோப்பை அவர்களை உயிர்ப்பிக்காது. உயிர்த்த ஆண்டவர் உயிர்ப்பிப்பார்.

2025 ஜூன் 15, மூவொரு கடவுள் பெருவிழா. விளையாட்டு உலகின் யூபிலி திருப்பலியில் திருத்தந்தை லியோ ஓர் அழகான கருத்தைச் சொன்னார். இத்தாலியர்கள் விளையாட்டு வீரரை உற்சாகப்படுத்த 'தாய்' என்று கத்துவார்கள். அந்தச் சொல்லுக்கு அவர்கள் மொழியில் 'கொடு' என்ற பொருளும் உண்டு. நம் தமிழிலும் 'தா' என்றால் அதுதானே! வெல்வதற்காக மட்டும் அல்ல, தன்னையே கொடுப்பதற்காக விளையாடு என்பது அதன் உட்பொருள். போட்டி மிகுந்த இந்த உலகுக்கு, தோற்கவும் கற்றுக்கொடுக்கிறது விளையாட்டு என்றும் அவர் சொன்னார்.

ஆகவே அன்பானவர்களே, பிள்ளைகள் மைதானத்துக்குப் போகட்டும். தோற்று வரும் நாளில் திட்டாதீர்கள், தண்ணீர் கொடுங்கள். நீங்களும் சற்று இளைப்பாறுங்கள். தோற்றுக்கொண்டிருக்கும் யாரோ ஒருவர் உங்கள் குடும்பத்தில், உங்கள் தெருவில், உங்கள் அன்பியத்தில் இருப்பார். இந்த வாரம் அவரிடம் போய், சும்மா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

செபிப்போம். என்றும் நம்பத்தக்க தந்தையே, எங்கள் தோல்விகளை எண்ணாமல் காலைதோறும் எங்களைத் தேடி வருகிறீர். உழைத்துக் களைத்தோருக்கு இளைப்பாறுதல் தாரும். கணவன் மனைவியர் ஒருவருக்கொருவர் பிரமாணிக்கமாய் நிலைக்கச் செய்தருளும். உண்மையைச் சொல்ல வேண்டிய இடத்தில் பேசும் துணிவைத் தாரும். காத்திருந்தே கண்மூடிய எங்கள் முன்னோரை உம் இல்லத்தில் சேர்த்துக்கொள்ளும். நாங்களும் ஒருநாள் எங்கள் ஓட்டத்தை முடித்து, புறப்பட்ட வீடாகிய உம்மிடமே வந்துசேர அருள்வீராக. எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.